சொல்லும் ஸலாமும் போடும் சலாமும்

மயிலாப்பூரில் லஸ் முனையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும் கச்சேரி ரோட்டின் பெயருக்கும் ஸங்கீதத்துக்கும் யாதொரு ஸம்பந்தமும் இல்லை என்று சொன்னால், மார்கழி மாதத்தில் ஸபை ஸபையாக ஏறி இறங்குகிற வெளியூர் ரசிகர்கள் சற்று ஏமாற்றமடைவார்கள். ஹிந்துஸ்தானியில் கச்சேரி என்பது அதிகாரிகள் அமர்ந்து வழக்கும் வரியும் விசாரிக்கிற இடம். ஒருவர் எதிரே பலர் கூடி அடங்கியிருக்கிற காட்சியின் ஒற்றுமையாலோ வேறெதனாலோ அது தமிழில் பாட்டுக்கும் பெயராயிற்று. அதிகாரத்திலிருந்து இன்பத்துக்குப் பயணம் செய்த சொல் அது. அதே வீதியில் நாள்தோறும் எத்தனையோ முறை ஒலிக்கிற வேறொரு சொல்லோ, நேர் எதிர்த் திசையில் சென்று, சாந்தியிலிருந்து புறப்பட்டு அடிமைத்தனத்தில் போய் இறங்கியது. ஆயினும் புறப்பட்ட இடத்திலும் அது இன்றுவரை ஒரு குறைவுமின்றி வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் விசேஷம். ஸலாம் என்ற சொல்லைத்தான் சொல்லுகிறேன்.

தமிழில் ஒரு சொல்லின் ஜாதகம் அதனோடு வந்து சேருகிற வினைச்சொல்லில் இருக்கிறது. கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஸலாம் ‘சொல்லுகிறார்கள்’. தொழுகையை முடிக்கும்போது முகத்தை வலப்புறமும் இடப்புறமும் திருப்பி ஸலாம் ‘கொடுக்கிறார்கள்’. அதே ரோட்டில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ, சலாம் என்பது ‘போடுவது’ அல்லது ‘அடிப்பது’. கொடுப்பதற்குப் பெறுகிறவன் ஒருவன் வேண்டும், பெற்றவன் திருப்பித் தரவும் கூடும். போடுவதற்கும் அடிப்பதற்கும் எதிரே இருக்கிற மனிதன் ஏறிட்டுப் பார்த்தாலும் போதும், பாராவிட்டாலும் குற்றமில்லை. எழுத்திலும் இந்த வேற்றுமையைக் காணலாம். முஸ்லிம் நூலாசிரியர்கள் கிரந்த எழுத்திட்டு ‘ஸலாம்’ என்று எழுதுவார்கள். கடைத்தெருவும் நாடக மேடையும் ‘சலாம்’ என்று எழுதும். இந்தக் கட்டுரையிலும் அந்த வேற்றுமையை வைத்துக்கொள்ள உத்தேசம்.

நான் இதை முதன் முதலில் கவனித்தது சிறு பிராயத்தில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த காய்கறிக் கடையில். கடைக்காரருக்கு எல்லோரும் போல நாங்களும் ‘பாய்’ என்றே பெயர் வைத்திருந்தோம். அவருடைய இயற்பெயரை நான் கேட்டதும் இல்லை. இடது கையில் தராசைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் தட்டில் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக வைத்து, முள் நடுவுக்கு வருகிற அந்த நுட்பமான தருணத்தில் தெருவிலே போகிற எவராவது ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று சொல்லிவிட்டால், அவர் கை அப்படியே நிற்கும். போகிறவருக்குக் கேட்கும்படி ‘வ அலைக்குமுஸ் ஸலாம்’ என்று முழுமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் மறு கத்திரிக்காய் தட்டில் விழும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பதில் சொல்லாம விட்டா என்ன பாய்? அவர்தான் போயிட்டாரே!”

“சொல்றது சுன்னத்து தம்பி, பதில் சொல்றது வாஜிபு. அவரு குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். திருப்பிக் குடுக்கலேன்னா கடன் நிக்குதே!”

சுன்னத்து என்பது நபிகள் நாயகம் நடந்து காட்டிய வழி, செய்தால் சிறப்பு. வாஜிபு என்பது செய்தே தீரவேண்டிய கடமை. முதலில் சொல்லுவது விருப்பத்தைப் பொறுத்ததாகவும், பதில் சொல்லுவது கட்டாயமாகவும் இருப்பது, பிற்காலத்தில் பல தேசத்து மரியாதைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதிக ஆச்சரியத்தை அளித்தது. ஏனெனில் உலகத்தில் பெரும்பாலான மரியாதைகளில் கட்டாயம் முழுவதும் முதலில் செய்கிறவன் தலையில்தான் விழுகிறது. பதில் செய்வது பெரியவனுடைய தயவு. இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் 86-ஆம் வசனம் இதற்கு ஆதாரம். ஒருவர் உங்களுக்கு வாழ்த்துக் கூறினால் அதைவிட மேலானதையோ, குறைந்தபட்சம் அதற்குச் சமமானதையோ திருப்பிக் கூறவேண்டும் என்பது அதன் கருத்து. நம்முடைய காய்கறிக்கடை பாஷையில் சொன்னால், எடை சரியாக இருக்கவேண்டும், கூடுமானால் கொசுறும் போடவேண்டும். ஆகையால்தான் ‘ஸலாம்’ என்றவருக்கு ‘ஸலாமும் அல்லாஹ்வின் ரஹ்மத்தும்’ என்றும், அதையும் சேர்த்துச் சொன்னவருக்கு ‘பரக்கத்தும்’ என்று மேலும் ஒன்றைக் கூட்டியும் பதில் கூறும் வழக்கம் உண்டாயிற்று. சாந்திக்கு மேல் அருள், அருளுக்கு மேல் பெருக்கம். இம்மூன்று படிகளுக்கும் முறையே 10, 20, 30 என்று புண்ணியக் கணக்கும் நபிமொழியாகிய ஹதீஸில் உண்டு.

ஸலாம் என்பதற்குச் சமாதானம் என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிவிடுகிறோம். அது தவறில்லை, ஆனால் போதாது. ஸீன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துக்களாலான அந்தத் தாதுவுக்குக் குறைவின்மை, பழுதின்மை, ஆபத்தினின்றும் நீங்கியிருத்தல் என்பன மூலப் பொருள். இஸ்லாம், முஸ்லிம் என்ற சொற்களும் அந்தத் தாதுவிலிருந்தே பிறந்தவை; யூதர்களுடைய ‘ஷாலோம்’ அதற்கு உடன்பிறப்பு. இறைவனுடைய திருநாமங்களிலும் அஸ்ஸலாம் ஒன்று. ஆகவே இந்த வாழ்த்து ஒரே மூச்சில் பிரார்த்தனையாகவும், இறைவன் பெயரைச் சாட்சியாக நிறுத்தி என்னால் உனக்குத் தீங்கு வராது என்று கொடுக்கிற உறுதிமொழியாகவும் இருக்கிறது. ‘அலைக்கும்’ என்பது பன்மை. எதிரே ஒருவரே இருந்தாலும் ‘உங்கள் மீது’ என்றே சொல்லவேண்டும். நம்மைப்போல மரியாதைக்காகப் பன்மை வந்தது என்று தமிழர் நினைக்கக்கூடும்; மார்க்க அறிஞர்களான ஆலிம்களோ, அவரோடு கூடவே இருக்கிற வானவர்களையும் சேர்த்துச் சொல்லுவது என்று விளக்கம் கூறுவார்கள்.

அந்த உறுதிமொழிக்கு எத்தனை மதிப்பு இருந்தது என்பதை அறிய, அது பிறந்த பாலைவனத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். எதிரே வருகிறவன் கொள்ளைக்காரனா, விருந்தாளியா என்று தெரியாத நாடு. இஸ்லாத்துக்கு முன்பும் அரபிகளிடையே முகமன் இல்லாமலில்லை; நீடூழி வாழ்க என்பதுபோலவும், நல்ல காலையாகுக என்பதுபோலவும் வாழ்த்திக்கொண்டார்கள். ஆனால் நீண்ட ஆயுளை வாழ்த்துகிறவனே அடுத்த நாழிகையில் அதை முடித்துவிடவும் கூடுமல்லவா? அதே நான்காம் அத்தியாயத்தில் 94-ஆம் வசனம், ஸலாம் சொன்ன ஒருவனைப் பார்த்து, அவனிடமிருக்கிற பொருளுக்கு ஆசைப்பட்டு, நீ விசுவாசியல்ல என்று சொல்லிவிடாதீர்கள் என்று போர்வழியில் சென்றவர்களைத் தடுக்கிறது. அந்த ஒரு சொல், சொன்னவனுடைய உயிருக்குக் கவசமாயிற்று.

யார் முதலில் சொல்லவேண்டும் என்பதற்கும் விதி உண்டு. வாகனத்தில் வருகிறவன் நடப்பவனுக்கு, நடப்பவன் உட்கார்ந்திருப்பவனுக்கு, சிலர் பலருக்கு, இளையவர் மூத்தவருக்குச் சொல்லவேண்டும் என்று நபித்தோழர் அபூஹுரைரா வழியாக வந்த ஹதீஸ் கூறுகிறது. கடைசி விதி நமக்குப் பழக்கமானதே. முதல் விதியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். குதிரைமேல் வருகிறவன் தரையில் நடக்கிறவனுக்கு முதலில் வாழ்த்துச் சொல்லவேண்டும் என்பது, குதிரைமேல் வருகிறவனைக் கண்டால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற தேசத்தில் எத்தனை பெரிய விஷயம்! தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் ஸலாம் சொல்லுவதை, பசித்தவர்க்கு உணவளிப்பதோடு சேர்த்து நபிகள் நாயகம் சிறப்பித்திருக்கிறார்கள். கலீபா உமருடைய குமாரரான அப்துல்லாஹ், வாங்குவதற்கும் விலை கேட்பதற்கும் ஒன்றுமில்லாமலே கடைத்தெருவுக்குப் போவாராம். எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டபோது, எதிர்ப்படுகிறவர்களுக்கு ஸலாம் சொல்லத்தான் என்றாராம். பாண்டி பஜாரில் ஒன்றும் வாங்காமல் ஒரு மாலையெல்லாம் உலாவுகிறவர்களை நான் அறிவேன், நானே அவர்களில் ஒருவன். ஆனால் இப்படியொரு காரியம் எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மயிலாப்பூருக்கு இந்தச் சொல் எப்போது வந்தது என்று ஒரு வருஷத்தைக் குறித்துச் சொல்ல முடியாது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே இருக்கிற, ஏசுவின் சீடர் தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் யாத்திரையாக வந்ததையும், அவரைத் தங்கள் மகானாகவே அவர்கள் போற்றியதையும் எழுதியிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போஸா என்ற போர்த்துகேசியர் எழுதியபோது அந்தக் கல்லறைக் கோயில் பாழடைந்து கிடந்தது. ஏழை முஸ்லிம் பக்கிரி ஒருவர் அதைக் காத்து, பிச்சையெடுத்து, இரவில் அங்கே ஒரு விளக்கு எரியும்படி செய்துவந்தார். அந்த விளக்கடியில் வந்து நின்றவர்களும் அவரும் ஒருவரையொருவர் எந்தச் சொல்லால் வரவேற்றார்கள் என்பதைப் பார்போஸா எழுதி வைக்கவில்லை. யாத்திரீகர்கள் எழுதாமல் விடுகிற விஷயங்களே எப்போதும் அதிகம்.

ஆனால் அதற்கு முன்பே, 15-ஆம் நூற்றாண்டிலேயே, இச்சொல் தமிழ்ப் பாட்டுக்குள் நுழைந்துவிட்டதற்கு அழகான சாட்சி இருக்கிறது. மயிலை முருகனையும் பாடியிருக்கிற அருணகிரிநாதர், சுவாமிமலைத் திருப்புகழ் ஒன்றில், இந்திரனும் மாலும் அயனும் சுவாமிமலை முருகனுக்குச் சலாமிடுவதாகவே பாடுகிறார். தேவலோகத்துக்கு அரபுச் சொல்லொன்றைத் தயக்கமில்லாமல் அனுப்பிவைத்த அந்த மனோதைரியத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன். அங்கே வருகிற வினையையும் பார்க்கவேண்டும்: சலாம் ‘இடுதல்’. சொல்லுதல் அன்று, கொடுத்தல் அன்று. முருகனுக்குத் தேவர்கள் செய்வது சமமானவர்கள் பரிமாறிக்கொள்கிற சாந்தி வாழ்த்தல்லவே. ராஜ ஸபையில் குறுநில மன்னர்கள் செய்கிற வந்தனமாகத்தான் அது அந்தப் பாட்டுக்குள் வருகிறது. ஆகவே சாமானியத் தமிழர் காதில் சலாம் முதலில் விழுந்தது அரண்மனை வாசலிலிருந்துதான் என்று நினைக்க இடமிருக்கிறது. அதற்குப் பின்வந்த உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலே அது தன் சொந்த வீட்டுப் பொருளோடு வழங்குகிறது.

அரண்மனைக்கு வந்து சேர்ந்த ஸலாமுக்கு நேர்ந்த கதியை அபுல் பஸல் எழுதிய ஆயீனே அக்பரியில் காணலாம். அக்பர் தர்பாரில் இரண்டு வகை வந்தனங்கள் விதிக்கப்பட்டன. வலது உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை குனிவது ‘கோர்னிஷ்’. வலது புறங்கையைத் தரையில் வைத்து, மெள்ள எழுந்து நிமிர்ந்து, உள்ளங்கையை உச்சந்தலையில் வைப்பது ‘தஸ்லீம்’. தஸ்லீம் என்ற சொல்லும் ஸலாம் பிறந்த அதே தாதுவில் பிறந்தது. தொழுகையின் முடிவில் இருபுறத்தாருக்கும் ஸலாம் கொடுப்பதற்கும் அதுவே பெயர். பள்ளிவாசலில் கழுத்தை மட்டும் திருப்பினால் போதும் என்றிருந்த ஒரு காரியம், தர்பாரில் முதுகெலும்பு முழுவதையும் கேட்டது. சகோதரனைச் சந்தித்தால் குனிந்து வணங்கலாமா என்று ஒருவர் வினவியபோது நபிகள் நாயகம் வேண்டாம் என்று மறுத்து, கைப்பற்றுவதை மட்டும் அனுமதித்ததாக ஹதீஸ் இருக்கிறது. தர்பாரில் இருந்த ஆலிம்கள் அதை அறியாதவர்களல்ல. அரசர்கள் எதிரில் அறிந்தது மறந்துபோவது எந்த மதத்துப் பண்டிதர்களுக்கும் ஏற்படக்கூடியதே.

அந்தத் தர்பார் முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆற்காட்டு நவாப்புகள். முகம்மது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு குடிபுகுந்த பிறகு, திருவல்லிக்கேணியும் ராயப்பேட்டையும் மயிலையின் வடபுறமும் உருதுவும் பாரசீகமும் பேசத் தொடங்கின. ஜாம் பஜாரும் மீர்சாகிப்பேட்டையும் பெயரளவிலாவது அந்தக் காலத்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன. கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு நிலம் நவாப் கொடுத்தது என்பதும், அதனாலேயே முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் அக்குளத்துக்கு வருகிறார்கள் என்பதும் மயிலையில் தலைமுறையாகச் சொல்லப்பட்டுவருகிற செய்தி. 1795-இல் திருவல்லிக்கேணியில் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், அது கட்டப்பட்ட ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்லுகிற பாரசீகச் செய்யுளை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்ற ஹிந்து முன்ஷி. ஒரு பள்ளிவாசலின் கல்லில் ஹிந்துவின் பாட்டு நிற்பது எங்கும் காணக்கிடைப்பதன்று.

நவாப்பின் தர்பாரில் சலாமுக்குக் குறைவிருந்திராது, பணத்துக்குத்தான் குறைவு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் அவர் வாங்கிய கடன்களின் கதை நாறிப்போய், 1785-இல் எட்மண்டு பர்க் லண்டன் பார்லிமெண்டில் அதைப்பற்றியே ஒரு நெடும் பிரசங்கம் செய்யும்படி ஆயிற்று. தராசுக்குப் பின்னால் நின்று, வாங்கின ஸலாமைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடன் நிற்கும் என்று சொன்ன எங்கள் பாயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நவாப்பின் நினைவும் கூடவே வரும். 1801-இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று; 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறக்கவே பட்டமும் போயிற்று; அரண்மனையை ஸர்க்கார் ஏலத்தில் எடுத்துக்கொள்ள, நவாப்பின் உறவினர்க்கு ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டமும், பின்னால் ராயப்பேட்டை அமீர் மஹாலும் கிடைத்தன. சேப்பாக்கத்தில் தர்பார் நடந்த கட்டிடத்தில் ரெவின்யூ போர்டு வந்து உட்கார்ந்தது.

ஆட்கள் மாறினார்கள், சலாம் மாறவில்லை. டவாலி அணிந்த சேவகர்களும், துபாஷிகளும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நாள்கணக்காக நின்ற மிராசுதார்களும், நவாப்புக்குப் போட்ட அதே சலாமைத் துரைக்குப் போட்டார்கள். அந்தக் காலத்துக் கச்சேரிப் பேச்சில் மிகவும் ரஸமான ஒரு பிரயோகம் உண்டு: ‘துரை சலாம் சொன்னார்’ என்று சேவகன் வந்து தெரிவித்தால், துரை க்ஷேமம் விசாரித்தார் என்று அர்த்தமல்ல, உடனே வந்து நிற்கும்படி உத்தரவு என்று அர்த்தம். சாந்தி உண்டாகுக என்ற ஆசீர்வாதம் ஒரு ஸம்மனாக மாறியதைக் காட்ட இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை. ‘அவன் எல்லோருக்கும் சலாம் போடுகிறவன்’ என்று தமிழில் ஒருவனை இகழ்ந்து பேசுகிற வழக்கமும் இந்தச் சரித்திரத்தின் கடைசிப் படிவுதான். இகழப்படுவது அந்த அரபுச் சொல்லல்ல, அதைப் போட வைத்த வராந்தா.

தியாகராய நகரின் உஸ்மான் ரோட்டிலும் ஹபிபுல்லா ரோட்டிலும் போகும்போது இந்த விஷயம் வேறொரு விதமாக நினைவுக்கு வரும். மயிலாப்பூர்ப் பெரிய ஏரியைத் தூர்த்து நகர் உண்டாக்கியபோது இவ்வீதிகளுக்குப் பெயர் தந்த இருவரும் கச்சேரிச் சலாமின் சிகரத்தைத் தொட்டவர்கள். ஸர் முகம்மது ஹபிபுல்லா வைசிராயின் நிர்வாக சபையில் இருந்து, பிறகு திருவிதாங்கூர் திவானாகவும் பணியாற்றியவர். ஸர் முகம்மது உஸ்மான் 1934-இல் மூன்று மாத காலம் சென்னைக்குத் தற்காலிக கவர்னராக இருந்தவர்; பிரிட்டிஷ் ஆட்சியில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். கவர்னர் மாளிகையில் படைவீரர்கள் அடித்த சலாமை அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ஜும்மாத் தொழுகைக்கு வருகிற கவர்னருக்கு வரிசையில் வலப்புறம் எவன் நிற்கிறானோ, அவன் மீர்சாகிப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவனானாலும், தொழுகை முடிவில் அவனுக்கு ஸலாம் கொடுத்துத்தான் எழுந்திருக்க வேண்டும். காரில் ஏறிப் போகும்போது நடந்து போகிறவர்களுக்கு முந்திக்கொண்டு சொல்லவேண்டியவரும் கவர்னரே. ஒரே சொல்லின் இரண்டு நீதிகள் ஒரே மனிதரை இரண்டு விதமாக நிறுத்தின.

தமிழ் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இதில் ஒரு சிறு சங்கடமும் உண்டு, அதை மறைப்பானேன்? 20-ஆம் நூற்றாண்டின் தமிழியக்கங்களால் நமஸ்காரத்தின் இடத்தில் ‘வணக்கம்’ வந்து உட்கார்ந்தபோது, தமிழர் எல்லோருக்கும் பொதுவான முகமன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். தமிழ் முஸ்லிம்களுடைய மார்க்க நூல்களிலோ வணக்கம் என்பது இறைவனுக்கு மட்டும் செய்யும் இபாதத்துக்குத் தமிழ்ச் சொல்லாக நெடுங்காலமாக வழங்கிவருகிறது. தொழுகையையே வணக்கம் என்று எழுதுவார்கள். ஆகையால் மனிதருக்கு அதைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். சிலர், சொல்லுக்குக் காலத்தால் பொருள் மாறும் என்று தயங்காமல் சொல்லுவார்கள். ‘சலாம் பாய்’ என்று நாம் சொல்லும்போது அதில் எந்தச் சலாம் தொனிக்கிறது என்று அவர்களுக்கும் ஐயம் இருக்கலாம். கச்சேரி ரோட்டுக் காய்கறிக் கடையில் இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் வெகு சுலபமாக இருந்தது. முப்பது வருஷ காலம் பாய் எனக்கு வணக்கமும் சொன்னதில்லை, நமஸ்காரமும் சொன்னதில்லை. ‘வா தம்பி, வூட்ல எல்லாம் சௌக்யமா?’ என்பார். தாதுப் பொருளை எண்ணிப்பார்த்தால், குறைவில்லாமல் இருக்கிறீர்களா என்று வீட்டார் அனைவரையும் சேர்த்துப் பன்மையில் கேட்டுவிட்டார்.

எனக்குத் தலை நரைத்த பிறகு, அவருக்குக் கண் மங்கித் தராசின் இடத்தில் மின்சார எடைப்பெட்டி வந்துவிட்ட பிறகு, ஒருநாள் காலையில் கடைக்கு ஏறும்போதே, ஏதோ ஒரு துணிவில், ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று முழுமையாகச் சொன்னேன். உச்சரிப்பு சரியாக இருந்திராது. பெட்டியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கை வெண்டைக்காயோடு நின்றது. குரலை வைத்து யாரென்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. “வ அலைக்குமுஸ் ஸலாம், வ ரஹ்மத்துல்லாஹி, வ பரக்காத்துஹு” என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லி முடித்தார். பிறகுதான் வெண்டைக்காயைப் போட்டு, எண்ணைப் படிக்கும்படி என்னிடமே சொல்லிவிட்டு, பையில் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் எடுத்துத் திணித்தார்.